எட்டுப் பாடல்களில் 2.4 கிலோமீட்டர்: எந்த அனிமே தொடக்கப் பாடல்களைச் சேர்க்கலாம்?

ஈசூன்வாசி எழுதியது:

வணக்கம். எனக்கு வயது 37. பிறந்தநாள் வருவதற்குள் உடலுறுதித் தேர்வை முடித்தாக வேண்டிய சிங்கப்பூர்த் தேசியச் சேவையாளர்களில் (கட்டாயப் படைச் சேவையாளர்களில்) நானும் ஒருவன். தண்டாலும் வயிற்றுப் பயிற்சியும் எப்படியோ ஒப்பேறிவிடுகின்றன. ஒவ்வோர் ஆண்டும் என்னைக் கவிழ்ப்பது 2.4 கிலோமீட்டர் ஓட்டம்தான். சென்ற முறை 12 நிமிடம் 50 விநாடி ஆயிற்று. இம்முறை 12 நிமிடத்திற்குள் முடித்துவிட வேண்டும் என்ற எண்ணத்தில், வாரத்தில் மூன்று நாள் மாலை, வீட்டருகே உள்ள விளையாட்டரங்கில் ஓடிப் பழகி வருகிறேன்.

அப்படி ஓடும்போது எனக்கு ஒரு கணக்குத் தோன்றியது. தொலைக்காட்சியில் வரும் அனிமே, அதாவது ஜப்பானிய அசைபடத் தொடர்களின் தொடக்கப் பாடல்கள் பெரும்பாலும் 89 விநாடிக்கு வெட்டப்பட்டவை. எட்டுப் பாடல்களை இடைவெளி இல்லாமல் அடுக்கினால் 712 விநாடி, அதாவது 11 நிமிடம் 52 விநாடி ஆகிறது. ஒவ்வொரு பாடலும் முடிவதற்குள் 300 மீட்டரைக் கடந்துவிட்டால், எட்டாவது பாடலோடு 2.4 கிலோமீட்டரும் முடிந்துவிடும். கைக்கடிகாரத்தைப் பார்க்கவே வேண்டாம். பாட்டு மாறும் கணத்தில் ஓடுதளத்தில் எந்த இடத்தில் இருக்கிறேன் என்று பார்த்துக்கொண்டால் போதும்.

இப்போது நான் வைத்திருக்கும் வரிசை இது: 1986ஆம் ஆண்டின் 'செயிண்ட் செய்யா' தொடரின் 'பெகாசஸ் ஃபேண்டசி', 'டிராகன் பால் ஸீ' தொடரின் 'சா லா ஹெட் சா லா', 'ஒன் பீஸ்' தொடரின் 'வீ ஆர்', 'நருட்டோ' தொடரிலிருந்து 'ஹருகா கனதா', அதே தொடரில் ஃப்ளோ குழுவினர் பாடிய 'கோ', 'அட்டாக் ஆன் டைட்டன்' தொடரின் 'குரென் நோ யுமியா', 'டீமன் ஸ்லேயர்' தொடரின் 'குரெங்கே', கடைசியாக 'டிஜிமோன்' தொடரின் 'பட்டர்-ஃப்ளை'. பதினாறு வயதாகும் என் அக்காள் மகன் இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, கடைசிக்கு முந்தைய இரண்டைத் தவிர மற்றவையெல்லாம் ஆண்பிள்ளைகள் கூடிக் கத்தும் கூச்சல் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

எனக்கு வேறொரு குறை இருக்கிறது. முதல் இரண்டு பாடல்களில் கால்கள் தாமாகவே பறக்கின்றன. நான்காவது பாடலுக்குள் மூச்சு இரைக்கிறது. ஐந்தாவதில் பாட்டு என்ன பாடுகிறது என்பதே காதில் ஏறுவதில்லை. பாடல்களை மாற்ற வேண்டுமா, வரிசையை மாற்ற வேண்டுமா? ஆண்களுக்கு உற்சாகம் ஏற்றும் பழைய பாடல்களும் புதிய பாடல்களும் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பழையகேசட் எழுதியது:

தம்பி, முதலில் உங்கள் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. 'வீ ஆர்' பாடலின் தொலைக்காட்சி வடிவத்தில், கடற்கொள்ளையர் அரசனின் செல்வத்தைப் பற்றிய முன்னுரை ஒலித்து முடிந்த பிறகுதான் பாட்டே தொடங்குகிறது. கித்தாதானி ஹிரோஷியின் குரலும் தனாகா கோஹெயின் இசையும் எவ்வளவு உயர்ந்தவையாக இருந்தாலும், அந்த முன்னுரையோடு சேர்த்தால் அது 89 விநாடிக்குள் அடங்காது. அந்தப் பாடலுக்கு நீங்கள் 300 மீட்டர் என்று கணக்கு வைத்தால் பின்னால் வருவதெல்லாம் பிசகும்.

அடுத்து, உங்கள் மருமகன் 'கூச்சல்' என்று சொன்னதைப் பற்றி. எனக்கு 55 வயது. அந்தக் கூச்சலின் மூலவரைக் கேட்டு வளர்ந்தவன் என்பதால் கொஞ்சம் வழக்காட அனுமதிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டில் வெளிவந்த 'மஸிங்கர் ஸீ' தொடருக்கு வதனாபே மிச்சியாகி இசையமைத்தார். மிஸுகி இச்சிரோ பாடினார். அந்தப் பாட்டில் வரும் 'ஸெட்டோ' (ஜப்பானிய உச்சரிப்பில் 'ஸீ' எழுத்து) என்ற ஒற்றைச் சொல்லை அவர் இழுத்து முழங்கும் விதம் அவருடைய வாழ்நாள் அடையாளமாகவே ஆகிவிட்டது. ரசிகர்கள் அவரை 'அண்ணன்' என்ற பொருளில் 'அனிக்கி' என்றே அழைத்தார்கள். 1999ஆம் ஆண்டில் 24 மணி நேரத்தில் 1,000 பாடல்களை மேடையில் பாடி முடித்த மனிதர் அவர். இசையமைத்தவரும் பாடியவரும் 2022ஆம் ஆண்டில், சில மாத இடைவெளியில் மறைந்தார்கள்.

அக்காலப் பாடல்களுக்கு ஓர் இலக்கணம் உண்டு. பாட்டு அந்தக் கதைக்கென்றே எழுதப்பட்டிருக்கும். வீரனின் பெயர், அவன் கையிலுள்ள ஆயுதத்தின் பெயர், அவன் யாரைக் காக்கப் புறப்பட்டான் என்ற செய்தி எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். எஸ்.பி. பாலசுப்பிரமணியம் ரஜினிகாந்துக்குப் பாடிய அறிமுகப் பாடல்களைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிய சங்கதியே அன்று. திரையில் நாயகன் நுழையும்போது அவனுடைய பெருமையை இன்னொருவர் குரலெடுத்துச் சொல்ல வேண்டும். அந்தக் குரலில் சொல்பவருக்கே ஐயம் இருக்கக் கூடாது. மிஸுகியின் குரலில் அந்த ஐயமின்மை இருந்தது. 1974ஆம் ஆண்டின் 'யமாத்தோ' விண்கப்பல் பாடலில் சசாகி இசாவோவின் குரலிலும் அதுவே இருந்தது. மியாகவா ஹிரோஷி அதை முழுமையான அணிவகுப்பு இசையாகவே அமைத்தார்; இன்றைக்கும் ஜப்பானியப் பள்ளிகளின் பேஸ்பால் ஆட்டங்களில் பித்தளை வாத்தியக் குழுவினர் அதை வாசித்து ஆட்டக்காரர்களை ஊக்குவிக்கிறார்கள்.

உங்கள் தலைமுறையினருக்கு இவை எட்டாமல் போனதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஆங்கிலத்தில் மொழிமாற்றம் செய்தவர்கள் பாடல்களைப் பல சமயம் தூக்கி எறிந்துவிட்டார்கள். 'டிராகன் பால் ஸீ' தொடரை ஆங்கிலத்தில் பார்த்தவர்களில் பலருக்கு, முதலில் தெரிந்தது 'ராக் தி டிராகன்' என்ற வேறொரு பாட்டு. ககேயாமா ஹிரோனோபு 1989ஆம் ஆண்டில் பாடிய மூலப் பாடல் பல ஆண்டுகள் கழித்தே காதில் விழுந்திருக்கும். 'டிஜிமோன்' தொடருக்கும் அதே கதிதான். நானோ பக்கத்து வீட்டுச் சீன நண்பன் வாடகைக்கு எடுத்து வந்த காணொளிக் கேசட்டுகளில், ஒரு சொல்லும் விளங்காமல், ஜப்பானிய ஒலியிலேயே கேட்டேன். விளங்காததால் நட்டம் ஒன்றும் ஏற்பட்டதாக நினைவில்லை.

ஆகவே 'வீ ஆர்' பாடலை எடுத்துவிட்டு 'மஸிங்கர் ஸீ' பாடலைச் சேருங்கள் என்பது என் கருத்து.

உறுமிக்காரன் எழுதியது:

பழையகேசட் அண்ணன் சொன்ன வரலாறு சரி. ஆனால் ஈசூன்வாசி கேட்ட கேள்விக்கு விடை, பாடலின் வயதில் இல்லை, அதன் கட்டமைப்பில் இருக்கிறது என்று நினைக்கிறேன். நான் உறுமி மேளக் குழுவில் பல ஆண்டுகளாக வாசிப்பவன். நடப்பவனுடைய காலையும் மூச்சையும் பார்த்து வாசிப்பதுதான் எங்கள் வேலை என்பதால், துணிந்து சில வார்த்தைகள் சொல்கிறேன்.

நம்முடைய திரைப்பாடலில் பல்லவி முதலில் வந்துவிடுகிறது. பாட்டின் உயிர் எதுவோ அதை எடுத்த எடுப்பிலேயே கொடுத்துவிட்டு, சரணத்தில் சுற்றி வந்து, மீண்டும் அதையே தொடுகிறோம். அனிமே தொடக்கப் பாடல் பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. ஜப்பானியர்கள் முதற்பகுதியை 'ஏ மெலடி' என்றும், அடுத்ததை 'பி மெலடி' என்றும், உச்சப் பகுதியை 'சாபி' என்றும் சொல்கிறார்கள். முதற்பகுதி அடங்கி ஒலிக்கும். இரண்டாவது பகுதி, தாளத்தைப் பிடித்து வைத்தும் சுருதியை மெல்ல ஏற்றியும், கேட்பவரைக் காக்க வைக்கும். அதன் பிறகே, அதாவது 89 விநாடியின் கடைசி மூன்றில் ஒரு பங்கில், சாபி வெடிக்கும். நம் கணக்கில் சொன்னால் பல்லவி கடைசியில் வருகிற பாட்டு அது. இதை உங்கள் 300 மீட்டரோடு பொருத்திப் பாருங்கள். ஒவ்வொரு பாடலிலும் கடைசி 100 மீட்டரில் உங்களைத் தூக்கிவிட ஆள் நிற்கிறது. முதல் 200 மீட்டரில் அந்த ஆளுக்காகக் காத்திருக்கிறீர்கள். காத்திருப்பவனுக்குக் களைப்பு அவ்வளவாகத் தெரிவதில்லை.

நீங்கள் தவறு செய்வது இங்கேதான். 'பெகாசஸ் ஃபேண்டசி' எடுத்த எடுப்பிலேயே மின்கித்தாரின் முழு வேகத்தில் நுழைகிற பாட்டு. உடல் சூடேறும் முன்பே அது உங்களை விரட்டுகிறது. அதன் பின்னாலேயே ககேயாமா வந்தால் தாங்குமா? தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை காவடி செல்கிறது. பெருமாள் கோயில் வாசலிலேயே உச்ச அடியை அடித்துவிட்டால், காவடி எடுப்பவர் பாதி வழியில் வேல்களின் பாரத்தை உணரத் தொடங்கிவிடுவார். தொடக்கத்தில் நடையை மட்டும் நிலைநிறுத்திக் கொடுத்து, தோள் சாயும் இடம் பார்த்து அடியை ஏற்றுபவனே அனுபவசாலி.

எனவே முதலில் வேகம் குறைந்த, ஆனால் தாளம் பிசகாத ஒன்றை வையுங்கள். 1995ஆம் ஆண்டின் 'இவாஞ்சலியன்' தொடக்கப் பாடல் நிமிடத்திற்கு 128 தட்டு என்ற அளவில் செல்கிறது. அது ஓடுபவனின் கால் எண்ணிக்கையைவிடக் குறைவு. அதனாலேயே அது உங்களைக் கட்டி இழுத்துப் பிடிக்கும். 'குரென் நோ யுமியா' போன்ற பாய்ச்சல் பாடலைக் கடைசி 300 மீட்டருக்கு ஒதுக்குங்கள். ஜெர்மானியச் சொற்களோடு கூட்டுக்குரல் எழும் அந்தப் பாட்டை ஆறாவது இடத்தில் செலவழிப்பது வீண்.

மஸிங்கரை எங்கே வைப்பது? நீங்கள் சோர்ந்து போவதாகச் சொன்ன ஐந்தாவது இடத்தில். அது 1,200 மீட்டரில் தொடங்குகிறது. அப்போது நீங்கள் நான்காம் சுற்றில் இருப்பீர்கள். பாதி முடிந்தது என்ற நிம்மதியும், பாதி மிச்சமிருக்கிறது என்ற கிலியும் ஒன்றாக வரும் இடம் அது. நுணுக்கமான இசை எதுவும் அங்கே காதில் ஏறாது. யாரோ ஒருவர் பெயர் சொல்லி உரக்கக் கூப்பிட்டால்தான் ஏறும்.

ஓர் இடைச்செருகல், பொறுத்துக்கொள்ளவும். பழைய ஜப்பானிய மெட்டுகள் நம் காதுக்கு அன்னியமாகத் தோன்றாததற்குக் காரணம் உண்டு. 'யோனானுகி' என்ற அவர்களுடைய ஐந்து ஸ்வர முறை, நான்காவது ஸ்வரத்தையும் ஏழாவது ஸ்வரத்தையும் விலக்குவது. அதன் ஒரு வகை அப்படியே நம் மோகனம். இன்னொரு வகை, சிவரஞ்சனியின் தைவதத்தைச் சுத்த தைவதமாக இறக்கினால் கிடைப்பது. போர்க்களத்துப் பாட்டிலும் ஒரு சோகம் கலந்தே ஒலிப்பதன் சூட்சுமத்தில் பாதி இதுதான் என்பது என் கணிப்பு.

மல்லிகைத்தோட்டம் எழுதியது:

'ஆண்களுக்கு உற்சாகம் ஏற்றும் பாடல்கள்' என்று கேட்டிருக்கிறீர்கள். தவறில்லை. ஆனால் உங்களை ஓட வைக்கும் குரல்கள் யாருடையவை என்பதையும் ஒரு முறை எண்ணிப் பாருங்கள். 'குரெங்கே' பாடலைப் பாடியதோடு அதன் வரிகளையும் எழுதியவர் லிசா என்ற பெண். உறுமிக்காரன் பரிந்துரைத்த இவாஞ்சலியன் பாடலைப் பாடியவர் தகாஹாஷி யோகோ. வரிகளை எழுதிய ஒய்க்காவா நேக்கோவும் பெண். 2007ஆம் ஆண்டில் வந்த 'குர்ரென் லகான்' தொடரைவிட ஆண்பிள்ளைத்தனம் பொங்கும் தொடரை நான் பார்த்ததில்லை. வானத்தைத் துளைத்துக்கொண்டு போகும் அந்தக் கதைக்கு 'சொராயிரோ டேய்ஸ்' பாடியவர் நகாகாவா ஷோக்கோ. 1998ஆம் ஆண்டின் 'கவ்பாய் பிபாப்' தொடருக்கு 'டேங்க்' என்ற ஜாஸ் வெறியாட்டத்தை அமைத்தவர் கன்னோ யோகோ. அந்தப் பாட்டில் தொடக்கத்தில் பேசப்படும் சில சொற்களை விட்டால் பாடகரே இல்லை, சாக்சஃபோன்தான் முழங்குகிறது.

நானும் வாரந்தோறும் பொங்கோல் நீர்வழியில் ஓடுகிறேன். என் காதில் மிஸுகியும் பாடுகிறார், லிசாவும் பாடுகிறார். என் கால்கள் வேறுபாடு பார்ப்பதில்லை.

'சொராயிரோ டேய்ஸ்' பாடலை ஆறாவது இடத்தில் வையுங்கள். மஸிங்கரின் முழக்கத்திற்குப் பிறகு அந்தத் தெளிந்த குரல் வரும்போது மூச்சு சீராகும்.

தெக்கோங்புதியவன் எழுதியது:

அண்ணா, நான் தற்போது முழுநேரத் தேசியச் சேவையில் இருக்கிறேன். உங்கள் மருமகன் சார்பாகவும் யாராவது பேச வேண்டும் அல்லவா?

பழையகேசட் ஐயா சொன்ன இலக்கணம் இடையில் உடைந்து போனது உண்மைதான். எண்பதுகளிலிருந்து இசைத்தட்டு நிறுவனங்கள் தங்கள் பாடகர்களை அறிமுகப்படுத்தும் இடமாகத் தொடக்கப் பாடலைப் பயன்படுத்தத் தொடங்கின. 1993ஆம் ஆண்டின் 'ஸ்லாம் டங்க்' பாடலில் கூடைப்பந்தைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. 'உன்னைப் பிடித்திருக்கிறது என்று கத்த வேண்டும்' என்பதே அதன் தலைப்பு. நல்ல பாட்டுதான், ஆனால் எந்தத் தொடருக்கும் பொருத்தலாம். மிஸுகி ஐயா 2000ஆம் ஆண்டில் ஜாம் புராஜெக்ட் குழுவைத் தொடங்கியதே, கதைக்கென்று பாடும் அந்தப் பழைய மரபைக் காப்பாற்றத்தான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அந்தக் குழு 2015ஆம் ஆண்டில் 'ஒன் பஞ்ச் மேன்' தொடருக்குப் பாடிய 'தி ஹீரோ' பாடலைக் கேட்டால் மஸிங்கரின் பேரப்பிள்ளை என்று யாரும் சொல்வார்கள்.

ஆனால் இப்போது வரும் பாடல்கள் மீண்டும் கதைக்குள் திரும்பிவிட்டன என்பதை நீங்கள் யாரும் கவனிக்கவில்லை. 2023ஆம் ஆண்டில் யோஅசோபி குழு வெளியிட்ட 'ஐடல்' என்ற பாட்டு, 'ஒஷி நோ கோ' தொடரின் கதையை எழுதியவரே தனியாக எழுதிக் கொடுத்த சிறுகதையை வைத்துப் புனையப்பட்டது. பாடகர் யோனெஸு கென்ஷியின் 'கிக் பேக்' என்ற பாட்டு, 'செயின்சா மேன்' தொடரின் நாயகனுடைய பசியையும் அற்ப ஆசைகளையும் அவன் வாயாலேயே பாடுவதுபோல் அமைந்தது. 2002ஆம் ஆண்டில் மோர்னிங் முசுமே என்ற பெண்கள் குழு பாடிய ஒரு வரியை அதில் எடுத்துக் கோத்திருக்கிறார்கள். ஜப்பானிய மொழிப் பாடல்களில் அமெரிக்க இசைத்தட்டுத் தொழில் சங்கத்தின் தங்கச் சான்றிதழை முதலில் பெற்றதும் அதுவே. வேறுபாடு ஒன்றுதான்: அன்றைய பாட்டு வீரனை வெளியே நின்று புகழ்ந்தது, இன்றைய பாட்டு அவனுக்குள் இருந்து புலம்புகிறது. புலம்பலிலும் வேகம் உண்டு, அண்ணா. 24 கிலோமீட்டர் நடைப் பயணத்தின் பிற்பாதியில், தோளில் மூட்டை அழுத்தும்போது, 'நீ வீரன்' என்று யாராவது பாடினால் எனக்கு எரிச்சல்தான் வந்திருக்கும். 'எனக்கும் முடியவில்லை, ஆனாலும் விடமாட்டேன்' என்ற தொனியே அப்போது மனத்துக்குள் ஓடியது.

ஏழாவது இடத்திற்கு 'கிக் பேக்' பாடலைப் பரிந்துரைக்கிறேன். கிரீப்பி நட்ஸ் இருவரின் 'பிளிங் பேங் பேங் பார்ன்' 2024ஆம் ஆண்டில் வெளிவந்து எங்கும் ஒலித்தது; ஆனால் அதைக் கேட்டால் கால் ஓடாது, ஆடத்தான் செய்யும். விட்டுவிடுங்கள்.

பழையகேசட் எழுதியது:

தம்பி சொன்ன 'வெளியே நின்று புகழ்தல், உள்ளிருந்து புலம்பல்' என்ற பிரிப்பை ஏற்றுக்கொள்கிறேன். 'கிக் பேக்' பாடலை நேற்றிரவு மூன்று முறை கேட்டேன். மூன்றாம் முறைதான் பிடித்தது. தாழ்சுருதிக் கித்தார் மட்டும் முதல் முறையிலேயே பிடித்துவிட்டது.

ஈசூன்வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இரண்டு வாரம் ஓடிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

புதிய வரிசையை இவ்வாறு அமைத்தேன்: இவாஞ்சலியன் பாடல் முதலில், பிறகு 'சா லா ஹெட் சா லா', 'ஹருகா கனதா', 'குரெங்கே', ஐந்தாவதாக 'மஸிங்கர் ஸீ', ஆறாவதாக 'சொராயிரோ டேய்ஸ்', ஏழாவதாக 'கிக் பேக்', எட்டாவதாக 'குரென் நோ யுமியா'. மஸிங்கரின் மூலப் பதிவு என் 89 விநாடிச் சட்டத்திற்குள் சரியாகப் பொருந்தவில்லை. கணினியில் வெட்டி ஒட்டினேன். பழையகேசட் அண்ணன் மன்னிக்க வேண்டும்.

முதல் நாள் இவாஞ்சலியன் பாடலோடு ஓடியபோது, இவ்வளவு மெதுவாகப் போனால் எப்படி என்று பதற்றமாகவே இருந்தது. ஆனால் பாட்டு முடிந்தபோது 300 மீட்டர் கோட்டைத் தாண்டி ஏழெட்டு அடி முன்னால் இருந்தேன். முன்பெல்லாம் அந்த இடத்தில் 350 மீட்டரில் இருந்திருப்பேன்; அந்த 50 மீட்டர் கடனுக்குத்தான் பின்னால் வட்டி கட்டிக்கொண்டிருந்தேன் என்பது இப்போது விளங்குகிறது. உறுமிக்காரன் சொன்ன காத்திருப்பும் உண்மை. 'சா லா ஹெட் சா லா' பாடலின் தலைப்பிலேயே 'இதெல்லாம் ஒரு பொருட்டா' என்ற பொருள் ஒளிந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு, அதன் சாபி வரும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. சிரித்தால் மூச்சு கெடுகிறது. அது என் குறை.

நான்காம் சுற்றில் மிஸுகி நன்றாகவே வேலை செய்கிறார். 'ஸெட்டோ' என்ற முழக்கத்தின்போது ஒரு நாள் நானும் வாய்விட்டுக் கத்திவிட்டேன். எதிரே மெதுநடை போய்க்கொண்டிருந்த சீனத் தாத்தா ஒருவர் நின்று, கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டு நடையைத் தொடர்ந்தார். அவருக்கு அந்தப் பாட்டு தெரியுமோ என்னவோ.

இன்னும் 12 நிமிடத்தைத் தொடவில்லை. நேற்றைய கணக்கு 12 நிமிடம் 14 விநாடி. 'குரென் நோ யுமியா' முடிந்து காது அமைதியானபோது எனக்கு இன்னும் எழுபது மீட்டருக்குமேல் மிச்சம் இருந்தது. தேர்வுக்கு ஐந்து வாரம் இருக்கிறது.

வாடா கோஜியின் 'பட்டர்-ஃப்ளை' எட்டுக்குள் இடம் பெறாமல் போனதை மட்டும் மனம் ஒப்பவில்லை. 1999ஆம் ஆண்டில் அதைப் பாடியவர் 2016ஆம் ஆண்டில் காலமானார். அதை ஒன்பதாவதாக வைத்திருக்கிறேன். ஓடி முடித்து, இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கியபடி ஓடுதளத்தின் ஓரமாக நடக்கும்போது ஒலிக்கிறது. அந்தப் பாட்டுக்கு மட்டும் 89 விநாடி வடிவத்தை வைக்கவில்லை, முழுப் பாட்டையும் வைத்திருக்கிறேன்.

தெக்கோங்புதியவன் எழுதியது:

14 விநாடிதானே, அண்ணா. அந்த எழுபது மீட்டருக்காக 'குரென் நோ யுமியா' பாடலின் முழு வடிவத்தை வைத்துவிடாதீர்கள். பாட்டு நீண்டால் நீங்களும் நீட்டுவீர்கள். சனிக்கிழமை மாலை எனக்கு விடுப்பு. ஈசூனுக்கு வந்தால் கடைசிச் சுற்றில் பக்கத்தில் ஓடலாமா?